கிளினிக் பதிவேட்டை வாசிப்பது எப்படி? தமிழ் வகுப்புக்கு ஒரு தரவுப் பாடம்



அட்டவணையோ பட்டைக் குறிவரைவோ கொடுத்து "விளக்கி எழுதுக" என்று சொன்னால் நம் மாணவர்கள் என்ன எழுதுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். "2019இல் கூடியுள்ளது, 2020இல் குறைந்துள்ளது." அவ்வளவுதான். ஏன் கூடியது, யாருக்குக் கூடியது, இந்த எண்ணை வைத்து யார் என்ன செய்ய முடியும் என்ற கேள்விகள் வருவதே இல்லை. எண்ணைப் பார்க்கிறார்கள், ஆனால் வாசிப்பதில்லை.

இதற்கு நல்ல பாடப்பொருள் நம் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அதுதான் கிளினிக் பதிவேடு. தாதியர் அன்றாடம் எழுதும் எண்கள் எப்படி உயிரைக் காக்கும் முடிவுகளாக மாறுகின்றன என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது. வகுப்பில் அதைப் பயன்படுத்தும் வழி கடைசியில் இருக்கிறது. நான் தானா ராத்தாவில் கற்பிப்பதால் எடுத்துக்காட்டுகள் சில மலையிலிருந்து வரும். ஆனால் பாடம் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

அன்றாடத் தரவு என்றால் என்ன?

சுகாதாரத் துறையில் தரவு இரண்டு வழியில் கிடைக்கிறது. ஒன்று, ஆய்வுக்காகத் தனியாகப் போய்த் திரட்டுவது. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் கணக்கெடுப்பு அந்த வகை. இன்னொன்று, வேலை நடக்கும்போதே தானாகச் சேருவது. காய்ச்சலுக்கு வந்தவரின் பெயரை எழுதுகிறார்கள், குழந்தையின் எடையைக் குறிக்கிறார்கள், தடுப்பூசி போட்ட தேதியை நிரப்புகிறார்கள். இந்த இரண்டாவது வகையைத்தான் அன்றாடத் தரவு என்கிறோம்.

இது மலிவானது. ஒவ்வொரு நாளும் கிடைக்கும். எந்த ஊர், எந்த லயம் என்பது வரை சொல்லும். ஆனால் இதற்கு ஒரு பெரிய குறை உண்டு. கிளினிக்குக்கு வந்தவர் மட்டுமே இதில் இருப்பார். வராதவர் பதிவேட்டில் இல்லை. அதனால் எண்ணை நம்புவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: இதில் யார் இருக்கிறார்கள்? யார் விடுபட்டார்கள்? எத்தனை பேரில் இத்தனை பேர்?

இந்த மூன்று கேள்விகளும் ஏன் முக்கியம் என்பதை நம் நாட்டில் நடந்த ஒரு கதையே காட்டும்.

கிள்ளான், 1901 முதல் 1905 வரை

மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார். அடுத்த சில ஆண்டுகளில் மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் மலாயாவுக்கு வந்து, 1901 தொடக்கத்தில் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். கிள்ளான் அப்போது சதுப்பும் காடும் சூழ்ந்த சிறிய நகரம். மக்கள் தொகை ஏறக்குறைய 3,500. அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) திறக்கப்பட்டது. திறந்தவுடனே காய்ச்சல் பிடித்துக்கொண்டது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலை வந்தது.

வாட்சன் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டவும், காட்டை அழிக்கவும் பரிந்துரைத்தார். வேலை நடந்தது. பலன் கிடைத்ததா? அதற்கு அவர் புதிதாக எந்த ஆய்வும் நடத்தவில்லை. மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, மலேரியா நோயாளிகளை அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதன்படி மூன்றாகப் பிரித்தார்.

1901: கிள்ளான் 334, போர்ட் சுவெட்டன்ஹாம் 188, மாவட்டத்தின் பிற பகுதிகள் 197
1902: கிள்ளான் 129, போர்ட் சுவெட்டன்ஹாம் 70, பிற பகுதிகள் 204
1903: கிள்ளான் 48, போர்ட் சுவெட்டன்ஹாம் 21, பிற பகுதிகள் 150
1904: கிள்ளான் 28, போர்ட் சுவெட்டன்ஹாம் 4, பிற பகுதிகள் 266
1905: கிள்ளான் 12, போர்ட் சுவெட்டன்ஹாம் 11, பிற பகுதிகள் 353

இப்போது ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். பிரிக்காமல், ஆண்டு வாரியாக மொத்தத்தை மட்டும் கூட்டுங்கள். 1901இல் 719, 1902இல் 403, 1903இல் 219, 1904இல் 298, 1905இல் 376.

மொத்தத்தை மட்டும் பார்க்கும் மேலதிகாரி என்ன முடிவுக்கு வருவார்? "முதல் இரண்டு வருஷம் நல்லா குறைஞ்சது. அப்புறம் மறுபடியும் ஏறுது. வடிகாலுக்குக் கொட்டிய பணம் வீண்." இப்படித்தானே சொல்வார்? உண்மை அதற்கு நேர்மாறு. வடிகால் வெட்டிய இரண்டு ஊர்களிலும் நோய் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. கிள்ளானில் மட்டும் 96 விழுக்காடு குறைவு. ஏறியது வேலை நடக்காத இடத்தில்தான்.

எண்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் கூட்டிவிட்ட எண் உண்மையை மறைத்துவிட்டது. அன்றாடத் தரவைப் பயன்படுத்தும் எந்தச் சுகாதாரப் பணியாளருக்கும் இதுதான் முதல் பாடம்: பிரித்துப் பார்.

இன்னொன்றும் கவனியுங்கள். மூன்றாவது வரிசை இல்லாவிட்டால், "அந்த வருஷம் மழை குறைவு, அதனால்தான் காய்ச்சல் குறைந்தது" என்று யாராவது வாதாடியிருக்கலாம். மழை மாவட்டம் முழுவதற்கும் பொதுதானே? இங்கே குறைந்து அங்கே ஏறியிருப்பதால் அந்த வாதம் நிற்காது. ஒப்பிட ஒரு பக்கம் இருந்தால்தான் எண் சான்றாக மாறும்.

இரண்டாவது பதிவேடு

சந்தேகம் இதோடு தீராது. ஒருவேளை மக்கள் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிட்டார்களோ? அப்படியென்றாலும் சேர்க்கை எண் குறையுமே?

அதற்குத்தான் மரணப் பதிவேடு உதவியது. கிள்ளான், போர்ட் சுவெட்டன்ஹாம் இரண்டிலும் சேர்த்துக் காய்ச்சல் மரணம் 1901இல் 368. அடுத்த ஆண்டு 59. 1905இல் 45. ஆட்கள் மருத்துவமனைக்கு வராமல் வீட்டிலேயே இறந்திருந்தால் இந்த எண் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. தனித்தனியாக எழுதப்பட்ட இரண்டு பதிவேடுகள் ஒரே கதையைச் சொல்லும்போது நம்பிக்கை கூடுகிறது.

அதே மரணக் கணக்கில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. "பிற நோய்கள்" என்று குறிக்கப்பட்ட மரணங்களும் 214இலிருந்து 85ஆக விழுந்தன. வடிகால் வெட்டினால் மற்ற நோய்கள் ஏன் குறைய வேண்டும்? மலேரியாவால் உடல் நைந்து வேறொரு நோயில் போய்ச் சேர்ந்தவர்கள், நோயின் பெயர் தவறாக எழுதப்பட்டவர்கள் என இரு வகையினரும் அந்த வரிசையில் இருந்திருப்பார்கள் என்பது நியாயமான விளக்கம். பதிவேட்டில் இருப்பது நோய் மட்டும் அல்ல. எழுதியவர் நோய்க்கு வைத்த பெயரும் அதில் இருக்கிறது.

மூன்றாவது வரிசையில் இருந்தவர்கள் யார்?

197, 204, 150, 266, 353. இந்த வரிசையை மாணவர்களிடம் காட்டி, "இவங்க யார்?" என்று கேளுங்கள். மாவட்டத்தின் பிற பகுதிகள் என்றால் கம்பங்களும் தோட்டங்களும். ரப்பர் நடுவதற்காகக் காடு அழிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம். கப்பலேறி வந்த தமிழ்த் தொழிலாளர்கள் பிரட்டுக்கு நின்ற இடம். நகரத்துக்கு வடிகால் வந்தது, துறைமுகத்துக்கு வந்தது. நம்மவர்கள் குடியிருந்த இடத்துக்கு அப்போது வரவில்லை. நம் மாணவர்கள் பலரின் பூட்டன், பூட்டி தலைமுறை இந்த வரிசையில் வரும் எண்தான்.

ஆனால் இங்கே அவசரப்படக் கூடாது. 353 என்று ஏறியது நோய் கூடியதாலா, அல்லது தோட்டங்கள் பெருகி ஆட்கள் கூடியதாலா? வெறும் எண்ணிக்கை இதற்குப் பதில் சொல்லாது. எத்தனை பேரில் 353 என்று தெரிய வேண்டும்.

வாட்சன் பின்னர் தோட்டங்களில் வேறொரு வழியைப் பயன்படுத்தினார். பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று சோதித்தார். மலேரியா திரும்பத் திரும்ப வந்த பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்பது விகிதம். இரண்டு தோட்டங்களில் ஆள் கணக்கு வேறுபட்டாலும் விகிதத்தை ஒப்பிடலாம்.

அப்படி ஒப்பிட்டதில் ஒரு புதிர் வெளிவந்தது. சமவெளியில் காட்டை அழித்துத் திறந்த வடிகால் வெட்டினால் மலேரியா போய்விடுகிறது. மலைப்பாங்கான தோட்டங்களிலோ அதே வேலையைச் செய்தும் போகவில்லை. காரணம், கொசு வேறு. சமவெளிச் சதுப்பில் இருந்தது நிழலை விரும்பும் கொசு. மலைச்சரிவில் இருந்த ஆனோபிலிஸ் மெக்குலேட்டஸ் வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் முட்டையிடுவது. காட்டை வெட்டி வெயில் விழச் செய்தால் அதற்குக் கொண்டாட்டம்! ஆகவே மலைத் தோட்டங்களில் ஓடையை மண்ணுக்கு அடியில் குழாய் பதித்து ஓட விட்டார்கள். பிறகு நீரில் எண்ணெயும் தெளித்தார்கள். ஓர் இடத்தில் பலித்த வைத்தியம் இன்னோர் இடத்தில் பலிக்கிறதா என்பதையும் தரவுதான் காட்டிக்கொடுக்கும்.

பிங்க் புக்கில் இருக்கும் நிறங்கள்

இப்போது நிகழ்காலத்துக்கு வருவோம். நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் இளஞ்சிவப்புப் புத்தகத்தை எல்லாரும் பார்த்திருப்போம். பேச்சில் "பிங்க் புக்கு". பல வீடுகளில் அது அலமாரியில் பத்திரமாக இருக்கும், செக்கப் நாளில் மட்டும் வெளியே வரும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு வருகைக்கும் எடை, இரத்த அழுத்தம், இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு, வயிற்றின் உயரம் எல்லாம் வரிசையாகப் பதிவாகும். இவற்றை வைத்து நிறக் குறியீடு கொடுக்கிறார்கள். வெள்ளை என்றால் தாதியே கவனிக்கலாம். பச்சை என்றால் கிளினிக் மருத்துவர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை.

இதன் அருமை என்ன தெரியுமா? முடிவெடுக்கும் அதிகாரம் எண்ணோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டது. தொலைவில் இருக்கும் கிளினிக் டேசாவில் தனியாக வேலை பார்க்கும் தாதி, இரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டதா, ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனதா என்று பார்த்து அங்கேயே அடுத்த படியை முடிவு செய்யலாம். மேலே அறிக்கை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தரவு பயன்படும் முதல் இடம் அது எழுதப்படும் மேசைதான். தலைநகரத்து அலுவலகம் அதற்குப் பிறகுதான்.

ஒரே எண்ணைவிட எண்களின் வரிசை முக்கியம் என்பதும் இங்கே புரியும். 130/85 என்று ஒரு நாள் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. 110, 118, 124, 130 என்று நான்கு வருகையாக ஏறி வந்திருந்தால் அனுபவமுள்ள மிஸ்ஸி நெற்றியைச் சுருக்குவார். இடையில் இரண்டு செக்கப்புக்கு அம்மா வரவில்லை என்றால் அந்த ஏற்றம் தெரியாமலே போகும். பதிவேட்டில் விழும் வெற்றிடமும் ஒரு தகவல்தான். வராதவர்களைத் தேடி வீட்டுக்கே போவது தாதியர் வேலையில் ஒரு பகுதி. யார் வரவில்லை என்பது தெரிய வேண்டுமானால் யார் வர வேண்டும் என்ற பட்டியல் முதலில் சரியாக இருக்க வேண்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு இதன் அவசரம் தெரியும். தானா ராத்தாவில் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் நிபுணரைப் பார்க்கச் சொன்னால் சிம்பாங் பூலாய் வழியாகவோ தாப்பா வளைவுகளிலோ இறங்கித்தான் ஆக வேண்டும். மண்சரிவு ஏற்பட்டால் பாதையே இல்லை. ஆகவே ஆபத்தை ஒரு வாரம் முன்னதாகக் கண்டுபிடிப்பதும் அன்றைக்கே கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல.

எண் ஏறினால் நிலைமை கெட்டுவிட்டது என்று பொருளா?

மாணவர்களை நிச்சயம் யோசிக்க வைக்கும் ஓர் எடுத்துக்காட்டு இது. மலேசியாவில் பிரசவத்தின்போது தாய்மார் இறக்கும் விகிதம் 1950களில் 100,000 பிறப்புக்குப் பல நூறாக இருந்தது. படிப்படியாகக் குறைந்து 1990இல் ஏறக்குறைய 20க்கு வந்தது. அடுத்த ஆண்டு, 1991இல், அது 44.

ஒரே ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல்! என்ன நடந்தது? தாய்மார் திடீரென்று கூடுதலாக இறந்தார்களா? இல்லை. 1991இல் தாய் மரண விசாரணை முறை நாடு முழுக்கத் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு மரணத்தையும் எடுத்து, யாரையும் குற்றம் சாட்டாமல், பெயரை வெளியிடாமல், எந்தப் படியில் தவறியது என்று ஆராய்வதே அதன் முறை. அப்படித் தேடியபோது, முன்பு வேறு காரணங்களின் கீழ் எழுதப்பட்டிருந்த மரணங்களும் கணக்கில் வந்தன. எண் ஏறியது எண்ணும் முறை நேர்மையானதால்தான்.

இந்த விசாரணையிலிருந்து பாடங்கள் வந்தன. பிரசவத்துக்குப் பின் ஏற்படும் இரத்தப்போக்கு பெரிய காரணம் என்று தெரிந்தது. அதற்கேற்பப் பயிற்சிகள் நடந்தன. மலேசியாவும் இலங்கையும் குறைந்த செலவில் தாய் மரணத்தை எப்படிக் குறைத்தன என்று இந்திரா பத்மநாதனும் பிறரும் எழுதிய ஆய்வை உலக வங்கி 2003இல் வெளியிட்டது. இரண்டு நாடுகளுக்கும் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, கிராமம் வரை போன பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள். இன்னொன்று, மரணங்களை எண்ணி அதிலிருந்து கற்றுக்கொண்ட பழக்கம்.

தமிழ்நாட்டிலும் இதே பாதைதான். அங்கே 2008இல் பிக்மி என்ற கணினிப் பதிவு முறை வந்தது. கிராம சுகாதாரச் செவிலியர் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எண் கொடுத்து, பிரசவம் வரை, குழந்தையின் தடுப்பூசி வரை தொடர்கிறார். உலகின் பல வளரும் நாடுகள் இன்று டி.எச்.ஐ.எஸ்.2 என்ற திறந்த மென்பொருளில் கிளினிக் கணக்குகளைத் தொகுக்கின்றன. இதன் தொடக்கம் 1990களின் தென்னாப்பிரிக்கா. வளர்த்தெடுத்தது நார்வேயின் ஓஸ்லோ பல்கலைக்கழகம். கருவி மாறினாலும் கேள்விகள் மாறவில்லை. கணினித் திரையில் வரும் அழகான வரைபடத்தைவிட, அந்த எண்ணை முதலில் எழுதியவர் எதைப் பார்த்து எழுதினார் என்பதே முக்கியம்.

பகுதி எண் எங்கே?

கணித வகுப்பில் தொகுதி எண், பகுதி எண் என்று சொல்லிக்கொடுக்கிறோம். சுகாதாரத் தரவில் பெரும்பாலான குழப்பம் பகுதி எண்ணில்தான். தடுப்பூசி போட்ட பிள்ளைகள் 110 விழுக்காடு என்று சில நாடுகளின் மாவட்ட அறிக்கைகளில் வருவதுண்டு. நூற்றுக்கு மேல் எப்படிப் போகும்? மாவட்டத்தில் 1,000 பிள்ளைகள் இருப்பதாகப் பழைய மக்கள் கணக்கை வைத்து மதிப்பிட்டிருப்பார்கள். உண்மையில் வந்தவர்கள் 1,100. பிழை ஊசியில் இல்லை, மதிப்பீட்டில் இருக்கிறது.

கேமரன் மலை போன்ற இடத்தில் இது எளிதல்ல. தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறிப் பண்ணைகளிலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்து போகிறார்கள். ஒராங் அஸ்லி கிராமங்கள் உள்ளே தள்ளி இருக்கின்றன. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு இறங்கிப் போகும் பெண்களும் உண்டு. அப்படியென்றால் "இந்த வட்டாரத்தின் கர்ப்பிணிகள்" என்று யாரை எண்ணுவது?

சிறிய எண்ணின் ஆபத்தும் இருக்கிறது. ஒரு கிளினிக்கில் இந்த மாதம் ஐந்து கர்ப்பிணிகள், அதில் ஒருவருக்கு இரத்தச்சோகை என்று வைத்துக்கொள்வோம். 20 விழுக்காடு. அடுத்த மாதம் இருவர் என்றால் 40 விழுக்காடு. "இரத்தச்சோகை இரட்டிப்பானது!" என்று தலைப்புப் போடலாம். ஆனால் கூடியது ஒரே ஒரு பெண். தாதிக்கு இங்கே விழுக்காடு தேவையில்லை. அந்தப் பெண்ணின் பெயரும் வீடும் போதும். அந்தப் பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை போய்ச் சேர வேண்டும், அதுதான் வேலை.

வகுப்பில் செய்து பார்க்க

படிவம் 4, 5 மாணவர்களுக்கு இரண்டு பாட நேரம் போதும்.

முதல் படி. வாட்சனின் ஐந்து ஆண்டு மொத்தத்தை மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள்: 719, 403, 219, 298, 376. இதை விளக்கி ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். திருத்த வேண்டாம்.

இரண்டாம் படி. பிரித்த அட்டவணையைக் கொடுங்கள். தாங்கள் எழுதிய ஐந்து வரியில் எது நிற்கிறது, எது விழுகிறது என்று குழுவாகப் பேசட்டும். இங்கேதான் சத்தம் வரும், வரட்டும்.

மூன்றாம் படி. மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில்: யார் இருக்கிறார்கள், யார் விடுபட்டார்கள், எத்தனை பேரில்? "கூடியுள்ளது, குறைந்துள்ளது" என்பதோடு நிறுத்தாமல் "ஏனெனில்", "இருப்பினும்", "இதைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது" போன்ற தொடர்களைக் கட்டாயமாக்குங்கள். கருத்து விளக்கக் கட்டுரைக்கும் இதே தொடர்கள் கை கொடுக்கும்.

நான்காம் படி, விருப்பம் இருந்தால். 1990இன் 20, 1991இன் 44 இரண்டையும் கொடுத்து, "நீ சுகாதார அதிகாரியாக இருந்தால் பத்திரிகையாளருக்கு இதை எப்படி விளக்குவாய்?" என்று கேளுங்கள். பேச்சுப் பயிற்சிக்கு நல்ல தலைப்பு.

ஒரு எச்சரிக்கை. வீட்டிலிருந்து யாருடைய மருத்துவப் புத்தகத்தையும் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். அது அந்தரங்கம். புத்தகத்தின் அமைப்பைப் பற்றிப் பேசினால் போதும்.

நம் மாணவர்களில் பலர் நாளை அம்மாவாக, அப்பாவாக அந்தப் பிங்க் புக்கைக் கையில் வாங்குவார்கள். சிலர் தாதியாகி அதில் எழுதப்போகிறவர்கள். சொந்த உடம்பைப் பற்றி எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து, "மிஸ்ஸி, போன தடவைக்கு இது ஏன் ஏறியிருக்கு?" என்று கேட்கத் தெரிந்தால் அந்தக் கேள்வியே ஓர் உயிரைக் காக்கலாம். அப்படிக் கேட்கும் பழக்கம் மொழிப் பாடத்திலும் தொடங்கலாம்.